ஒரே ராத்திரியில் ஐந்து பார் வேண்டாம்

ஹூஸ்டன், டல்லாஸ் பக்கமிருந்து நீண்ட வார இறுதிகளில் நியூ ஆர்லியன்ஸுக்கு வண்டி கிளப்பும் தமிழ் நண்பர் குழுக்களுக்கு,

அந்த ஊர் உங்கள் வீட்டுச் சமையலறைக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது. அமெரிக்காவில் ஃபில்டர் காபிக்குத் தோதான தூள் தேடி அலைந்த தமிழ்க் குடும்பங்களில் பலவும் கடைசியில் கஃபே டு மோண்ட் என்று எழுதிய தகர டப்பாவில்தான் வந்து நின்றன. சிக்கரி கலந்த தூள், டிகாக்‌ஷன் கெட்டியாக இறங்கும். நியூ ஆர்லியன்ஸின் பிரெஞ்சு மார்க்கெட்டில் 1862-இல் தொடங்கிய காபிக்கடையின் பெயர் அது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கு மாநிலங்களின் கடற்படை துறைமுகத்தை அடைத்ததும் காபிக்கொட்டை அரிதாயிற்று. பிரெஞ்சு வழியில் முன்பே பழகியிருந்த சிக்கரியை ஊர் இறுகப் பிடித்துக்கொண்டது. தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் அந்த ருசி போகவில்லை.

ஹூஸ்டனிலிருந்து சுமார் 350 மைல். ஐ-10 நெடுஞ்சாலையில் ஐந்தரை, ஆறு மணி நேரம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே வாட்ஸப்பில் பட்டியல் ஓடத் தொடங்கிவிடும்: சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஒரு பழைய பார், ஏழுக்கு இன்னொன்று, எட்டுக்கு 1840-இல் திறந்த உணவகம், ஒன்பதரைக்கு சுற்றும் பார், அதற்கு மேல் பர்பன் தெரு. ஒவ்வொன்றிலும் ஒரு கிளாஸ், ஒரு படம். கும்பகோணத்தில் ஒன்பது கிரகக் கோயில்களையும் ஒரே பகலில் முடித்துத் தரும் வேன் பேக்கேஜ் எப்படியோ அப்படி. கணக்கில் எல்லாம் வரும், ஆனால் எந்தச் சந்நிதியிலும் நின்ற நினைவிருக்காது.

இந்த மடல் கேட்பது சின்ன மாற்றம்தான். ஒரு நாளைக்கு ஒரு நீண்ட மதியச் சாப்பாடு, ஒரு பார். அதற்கு மேல் வேண்டாம். இந்த இடங்களில் பழையது சுவரோ மரக் கவுன்டரோ மட்டுமல்ல. பரிமாறும் முறையும் காத்திருக்கும் முறையும் கூடப் பழையவை. யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்று ஒரு காலம் வரை இருந்த கட்டுப்பாட்டின் தழும்பும் அங்கேயே இருக்கிறது. முக்கால் மணி நேரத்தில் இவற்றில் ஒன்றுகூடக் கண்ணில் படாது.

வயதில் மூத்தது ஆன்ட்வான்ஸ். 1840-இல் பிரான்சிலிருந்து வந்த ஆன்ட்வான் அல்சியடோர் தொடங்கியது; இன்றும் அந்த வம்சத்தார் கையில்தான் இருக்கிறது. செயின்ட் லூயி தெருவில் வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கட்டடம். உள்ளே போனால் ஒன்றிலிருந்து ஒன்றாகத் திறந்துகொண்டே போகும் பதினான்கு, பதினைந்து அறைகள். 1889-இல் ஸ்தாபகரின் மகன் ஜூல்ஸ் இங்கே ஒரு சிப்பி உணவைச் செய்தார். பிரான்சிலிருந்து வரவேண்டிய நத்தைக்குத் தட்டுப்பாடு, எனவே கைக்கெட்டிய வளைகுடாச் சிப்பியின் மேல் பச்சை நிறச் சாந்தைப் பூசிச் சுட்டார். சாந்தின் செழுமைக்கு அன்றைய பெரும் பணக்காரர் பெயர் பொருந்தும் என்று ஆய்ஸ்டர்ஸ் ராக்பெல்லர் என்று வைத்தார்கள். செய்முறை இன்றும் வீட்டு ரகசியம். ஊரெல்லாம் பசலைக்கீரை போட்டு நகல் எடுக்கிறது. பசலையே இல்லை என்கிறது ஆன்ட்வான்ஸ். உண்மையைச் சொன்னால், ரகசியம் அளவுக்கு ருசி அசத்துவதில்லை. ஆனாலும் ஆளுக்கு ஒன்றாவது சாப்பிட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

அந்த அறைகளில் ஒன்றுக்கு மிஸ்டரி ரூம், அதாவது மர்ம அறை, என்று பெயர்; மதுவிலக்குக் காலத்தில் வந்த பெயர். மதுவிலக்கு என்றால் நமக்கு 1937-இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கியது நினைவுக்கு வரும். அமெரிக்கா அதை 1920 முதல் 1933 வரை நாடு முழுக்க நடத்திப் பார்த்தது. அந்த நாட்களில் ஆன்ட்வான்ஸில் பெண்கள் கழிப்பறை வழியாகப் புகுந்தால் ஒரு மறைவறை, அங்கிருந்து காபிக் கோப்பையில் மது மேசைக்கு வரும். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ‘எனக்கும் மர்மம்தான்’ என்பது பதில். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது என்கிறார்கள். மதுவிலக்கு அமலாக்கத்தில் புகழ்பெற்ற அதிகாரி இஸ்ஸி ஐன்ஸ்டைன், ஊர் ஊராகப் போய் ஒரு மடக்குக் கிடைக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கு வைத்திருந்தார். நியூ ஆர்லியன்ஸில் அவருக்கு ஆனது 35 விநாடி. ஏறிய டாக்ஸியின் ஓட்டுநரே பாட்டிலை நீட்டிவிட்டார்.

ஆன்ட்வான்ஸில் மதியம் போவது நல்லது. விலை குறைவு, கூட்டமும் குறைவு. சாப்பிட்டு முடித்தபின் அறைகளைப் பார்க்கலாமா என்று சர்வரிடம் கேட்டால் பெரும்பாலும் கூடவே வந்து காட்டுவார்கள். மார்டி கிரா திருவிழாவின் ராஜா ராணிகளது படங்கள், கிரீடங்கள், 165 அடி நீளத்துக்கு ஒரு தாழ்வாரமாகவே ஓடும் ஒயின் கிடங்கு. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் அடித்தபோது வெளிச்சுவரின் ஒரு பகுதி சரிந்தது. மின்சாரம் போய், அந்தக் கிடங்கின் ஒயின் வெக்கையில் கெட்டது. இப்போது இருப்பது அதற்குப் பிறகு மறுபடி சேர்த்தது. கடைசியில் கஃபே ப்ரூலோ கேளுங்கள். பிராந்தி, கிராம்பு, பட்டை, ஆரஞ்சுத்தோல் எல்லாம் சேர்த்து மேசையருகே தீ மூட்டி, அதில் காபியை ஊற்றுவார்கள். சுருளாக வெட்டிய தோலின் வழியே நீலத் தீ இறங்கும்.

கேலட்வார்ஸ் வேறு ஜாதி. 1905-இல் ஜான் கேலட்வார் தொடங்கியது, இருப்பது பர்பன் தெருவின் 209-ஆம் எண்ணில். வெளியே நியான் வெளிச்சமும் இரைச்சலும்; கதவுக்குள் பளிச்சென்ற ஒரே பெரிய கூடம், சுவரெல்லாம் கண்ணாடி, கோட்டு மாட்டும் பித்தளைக் கொக்கிகள். கீழ்த்தளக் கூடத்துக்கு முன்பதிவு கிடையாது. அமைச்சராயிருந்தாலும் வரிசையில்தான் நிற்கவேண்டும். லூயிசியானாவின் செனட்டராயிருந்த பென்னட் ஜான்ஸ்டன் வரிசையில் நின்றபோது உணவகத்துக்கு வெள்ளை மாளிகையிலிருந்து ரேகன் தொலைபேசியில் அழைத்ததாகவும், அவர் உள்ளே போய்ப் பேசிவிட்டு மறுபடி வந்து அதே வரிசையில் நின்றதாகவும் ஊரார் ஒரு கதை சொல்வார்கள். ஆனால் பணக்காரர்கள் கூலிக்கு ஆள் அமர்த்தி வரிசையில் நிறுத்துவதும் இங்கே நெடுநாள் பழக்கம். ஆக, அந்தச் சமத்துவத்துக்கும் ஒரு விலை உண்டு.

வெள்ளிக்கிழமை மதியம்தான் இங்கே உச்சம். பதினொன்றரைக்கு உட்கார்ந்தவர்கள் மாலை வரை எழுந்திருக்க மாட்டார்கள். மேசைக்கு மேசை போய்ப் பேசுவார்கள், யாருக்காவது பிறந்தநாள் என்றால் கூடமே பாடும். ஊர்க்காரர்களுக்கு இங்கே தங்கள் சர்வர் என்று ஒருவர் உண்டு; மெனுவைத் திறக்காமல், இன்று எது நன்றாக வந்திருக்கிறது என்று அவரிடம் கேட்பதுதான் வழக்கம். புதிதாகப் போகும் குழுவும் அப்படியே கேட்கலாம். மாலை ஐந்துக்கு மேலும் ஞாயிறு முழுவதும் ஆண்களுக்குக் கோட்டு வேண்டும். அரைக்கால் சட்டையுடன் போய் நின்று, டெக்சாஸ் வெயிலைக் காரணம் சொல்லி வாதாடுவது எடுபடாது. எட்டுப் பத்துப் பேர் என்றால் மாடியில் முன்பதிவு செய்யலாம். ஆனால் வேடிக்கை கீழேதான். நாலு பேராகப் பிரிந்து கீழே உட்காருவது மேல்.

இனி கிளாஸ் பக்கம். ஊரின் பெயரோடு ஒட்டிய பானம் சாஸராக். ஹெய்ட்டியிலிருந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்த மருந்துக்கடைக்காரர் ஆன்ட்வான் பெய்ஷோ 19-ஆம் நூற்றாண்டில் இங்கே பிட்டர்ஸ் என்ற சிவப்பு நிறக் கசப்புச் சாற்றை விற்றார். சாஸராக் என்ற பெயரோ அதோடு கலந்த, பிரான்சிலிருந்து வந்த ஒரு கோன்யாக் பிராந்தியுடையது. பிரான்சின் திராட்சைத் தோட்டங்களைப் பூச்சி அரித்துப் பிராந்தி அரிதானபோது அமெரிக்க ரை விஸ்கி அந்த இடத்தைப் பிடித்தது என்று சொல்வார்கள். இந்தப் பானத்தில் சேரும் சோம்பு மணச் சாராயமான அப்சிந்துக்கு 1912-இல் நாடு தழுவிய தடை வந்தது; மதுவிலக்கு முடிந்த பின் 1934-இல் ஹெர்ப்செயின்ட் என்ற உள்ளூர்ச் சோம்புச் சாராயம் அதற்குப் பதிலாக வந்தது. உலகின் முதல் காக்டெயிலையே பெய்ஷோதான் கலக்கினார் என்று பாருக்குப் பார் சொல்வார்கள். நம்ப வேண்டாம். அவர் தொழிலுக்கு வரும் முன்பே, 1806-இல், நியூயார்க் மாநிலத்துப் பத்திரிகை ஒன்று காக்டெயில் எதனால் ஆனது என்று விளக்கி அச்சிட்டுவிட்டது.

செய்வதைப் பார்ப்பதில்தான் பாதிச் சுவை. ஒரு கிளாஸைப் பனிக்கட்டியால் குளிரவைப்பார்கள். இன்னொன்றில் சர்க்கரைக் கட்டியைப் பிட்டர்ஸ் விட்டு நசுக்கி, விஸ்கி சேர்த்துக் கலக்குவார்கள். முதல் கிளாஸின் ஐஸைக் கொட்டிவிட்டு, ஹெர்ப்செயின்ட்டைச் சுழற்றி உள்சுவரில் படியவிட்டு, மீதியைக் கவிழ்த்துவிடுவார்கள். பிறகு வடித்த விஸ்கி உள்ளே போகும். எலுமிச்சைத் தோலை மேலே முறுக்கினால் அதன் எண்ணெய் தெறிக்கும். ஐஸ் இல்லை, கிளாஸில் பாதிகூட நிரம்பாது. இவ்வளவு காசுக்கு இவ்வளவுதானா என்று குழுவில் ஒருவர் கேட்டே தீருவார். அது முழுக்கச் சாராயம், அளவு அப்படித்தான் இருக்கும். மெதுவாகக் குடிக்கவேண்டிய சமாசாரம்.

ரூஸ்வெல்ட் ஓட்டலில் சாஸராக் என்ற பெயரிலேயே இருக்கும் பாரில் போய் உட்காரலாம். மின்னும் வால்நட் மரச் சுவர், பால் நைனஸ் தீட்டிய சுவரோவியங்கள். மார்டி கிரா நாள் ஒன்றைத் தவிர ஆண்டு முழுவதும் சாஸராக் பார் ஆண்களுக்கு மட்டும் என்றிருந்தது. 1949 செப்டம்பர் 26-ஆம் தேதி ரூஸ்வெல்ட்டில் பார் திறந்தபோது கதவு பெண்களுக்கும் திறந்தது. பெண்கள் கூட்டமாக வந்து நிறைத்தார்கள். அந்த நாளை ஓட்டல் இன்றும் ஆண்டுதோறும் கொண்டாடுகிறது. விளம்பரத்துக்காகச் செய்ததுதான். அதனால் என்ன, கதவு திறந்தது திறந்ததுதான்.

அதே பாருக்கு இன்னொரு பானமும் உரியது: ரேமோஸ் ஜின் ஃபிஸ். ஹென்றி ரேமோஸ் 1888-இல் தன் சலூனில் உருவாக்கியது. ஜின், எலுமிச்சை, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு, க்ரீம், ஆரஞ்சுப்பூ நீர், கடைசியில் சோடா. இதைக் குலுக்கிக்கொண்டே இருக்கவேண்டும், வெண்ணெய் நுரையாகத் திரளும் வரை. 1915 மார்டி கிரா சமயத்தில் குலுக்குவதற்கென்றே 35 பேரை ரேமோஸ் நிறுத்தியிருந்தார். அப்படியும் ஆர்டருக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. லூயிசியானாவை ஆட்டிப்படைத்த அரசியல்வாதி ஹூயி லாங் 1935-இல் ரூஸ்வெல்ட்டின் பார்டெண்டரை நியூயார்க்குக்கே அழைத்துப்போய், பத்திரிகையாளர் முன் இதைச் செய்துகாட்ட வைத்தார். ஒரு வேண்டுகோள்: இரவு ஒன்பது மணிக் கூட்டத்தில் ஆறு பேரும் ஆளுக்கொரு ரேமோஸ் என்று கேட்காதீர்கள். கவுன்டருக்குப் பின்னால் நிற்பவர் தோள்பட்டையும் மனிதத் தோள்பட்டைதான். மாலை நாலு மணிக்குப் போய்க் கேட்டால் அவரே கதையோடு கலக்கித் தருவார்.

மான்டிலியோன் ஓட்டலின் கரோசல் பார் பிள்ளைகளின் குடை ராட்டினம் போல் அலங்கரித்தது, 1949-லிருந்து சுற்றுகிறது. 25 இருக்கைகள், ஒரு சுற்றுக்குக் கால் மணி நேரம். நடுவில் நிற்கும் பார்டெண்டர் சுற்றுவதில்லை. அந்த ஓட்டலின் வால்டர் பெர்ஜெரான் 1930-களில் கலந்த வ்யூ கரேயை இங்கே குடிக்கலாம்: ரை, கோன்யாக், இனிப்பு வெர்மூத், பெனடிக்டின், இரண்டு வகை பிட்டர்ஸ். இருக்கைக்காக முதுகுக்குப் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டு நிற்பார்கள். காலை பதினொன்றுக்குப் போகாவிட்டால் விட்டுவிடலாம், குடி முழுகிப்போகாது.

பர்பன் தெருக் கூட்டம் நெகிழிக் கோப்பையில் ஏந்தித் திரியும் சிவப்புப் பானம் ஹரிக்கேன். பேட் ஓ’பிரையன்ஸ் பாரில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிறந்தது. விஸ்கிக்குத் தட்டுப்பாடு, கரீபியனிலிருந்து ரம் மட்டும் ஏராளம்; ஒரு பெட்டி விஸ்கி வேண்டுமானால் பெட்டி பெட்டியாக ரம்மும் எடுத்தாகவேண்டும் என்று மொத்த வியாபாரிகள் கட்டாயப்படுத்தினார்கள். தலையில் கட்டிய ரம்மைத் தீர்க்கப் பழச்சாற்றில் கலந்து, ஹரிக்கேன் விளக்கின் சிம்னி வடிவக் கிளாஸில் ஊற்றினார்கள். கதை பானத்தைவிட நன்றாக இருக்கிறது. இந்த ஊரில் நெகிழிக் கோப்பையோடு தெருவில் நடப்பது சட்டப்படி சரி, கண்ணாடிக் கிளாஸ் கூடாது. அதே கோப்பையோடு காருக்குள் ஏறிவிடாதீர்கள்.

டூஜாக்ஸைப் பற்றிக் குழுக்களில் ஒரு சண்டை நடக்கும். 1856-இல் தொடங்கிய உணவகம். பிரெஞ்சு மார்க்கெட் கசாப்புக்காரர்களுக்குச் சோறு போட்டு வளர்ந்தது. குதிரை முள்ளங்கிச் சாஸோடு வரும் மாட்டு நெஞ்சுக்கறி அந்தக் காலத்து மிச்சம். நெடுங்காலம் இருந்த கட்டடத்தைவிட்டு 2020-இல் டிக்கேட்டர் தெருவிலேயே சில பிளாக் தள்ளி வந்துவிட்டது. இடம் மாறியபின் அது பழைய உணவகமா என்று கேட்கிறார்கள். நிற்க மட்டுமே இடமிருந்த அந்தப் பழைய பாரைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். கறிக்காகப் போனால் ஏமாற்றமில்லை.

இதுவரை சொன்ன எல்லாக் கூடங்களிலும் ஒரு காலம் வரை கறுப்பினத்தார் சமைக்கலாம், பாத்திரம் கழுவலாம், உட்கார்ந்து சாப்பிட முடியாது. சட்டம் மாறியது 1964-இல். ஆகவே பட்டியலில் ஓர் இடம்தான் வைக்கமுடியும் என்றால் அது பழைய நகர்ப்பகுதியான பிரெஞ்சு குவார்ட்டருக்கு வெளியே, ஆர்லியன்ஸ் அவென்யூவில் இருக்கும் டூக்கி சேஸாக இருக்கட்டும். 1941-இல் சாண்ட்விச் கடையும் பாருமாகத் தொடங்கியது. அந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்த லேயா சேஸ், இளம்வயதில் குவார்ட்டர் உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்தவர். மேசைவிரிப்பும் வெள்ளிக் கரண்டியும் தன் மக்களுக்கும் வேண்டும் என்று கடையை முழு உணவகமாக மாற்றினார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் உட்காருவது சட்டவிரோதமாயிருந்த நாட்களில் மாடி அறையில் இருதரப்பும் கூடிப் போராட்டத்துக்குத் திட்டம் போட்டார்கள், லேயா கம்போ என்ற குழம்பைப் பரிமாறினார். மார்ட்டின் லூதர் கிங் வந்திருக்கிறார். பேருந்துகளில் இனப் பிரிவினையை எதிர்த்துப் பயணித்த ஃப்ரீடம் ரைடர்ஸ் வந்திருக்கிறார்கள். சோதனை போட்டால் அந்த வட்டாரமே கொதிக்கும் என்று தெரிந்து போலீஸ் எட்டியே நின்றது.

கத்ரீனாவில் வெள்ளம் புகுந்து மூடிய கடையை 2007-இல் மறுபடி திறந்தார்கள். அதற்கடுத்த ஆண்டு அங்கே சாப்பிட வந்த பராக் ஒபாமா கம்போவை ருசிபார்க்கும் முன்பே காரச் சாஸை ஊற்ற, லேயா கண்டித்துவிட்டார். 2019-இல் 96 வயதில் இறந்தார். கடையைக் குடும்பம் நடத்துகிறது. சுவர்களில் அவர் சேர்த்த கறுப்பின ஓவியர்களின் படைப்புகள் இருக்கின்றன, சாப்பிட்டபின் நின்று பார்க்கத்தக்கவை. ஈஸ்டருக்கு முந்தைய புனித வியாழனில் ஒற்றைப்படை எண்ணிக்கையில் பல கீரைகளைப் போட்டுச் சமைக்கும் கம்போ ஸெர்ப் இங்கே பெயர்போனது. கீரை என்றதும் சைவம் என்று நினைத்துவிட வேண்டாம். அதில் சாசேஜும் பன்றி இறைச்சியும் கோழியும் உண்டு.

சைவர்கள் இல்லாத தமிழ்க் குழு அபூர்வம் என்பதால் இதையும் சேர்த்துச் சொல்வது நல்லது. கம்போவில் மிதக்கும் வெண்டைக்காயைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்த காய் அது. நமக்கும் பழகியதுதான், ஆனால் கீழே இறால் தண்ணியோ இறைச்சிச் சாறோ இருக்கும். இந்த ஊரின் திங்கட்கிழமை வழக்கமான சிவப்பு பீன்ஸ் பன்றிக்கறியோடு வெந்தது. ஆன்ட்வான்ஸின் உப்பிய உருளைக்கிழங்கு வறுவலைக் கேட்கலாம்; எந்தக் கொழுப்பில் பொரித்தது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். துறைமுகத்தில் வாழைப்பழம் குவிந்த ஊர் இது. பிரென்னன்ஸ் உணவகத்தில் 1951-இல் எல்லா பிரென்னன் என்பவர் சமையல்காரரோடு சேர்ந்து உருவாக்கிய பனானாஸ் ஃபாஸ்டர் வாழைப்பழம், வெண்ணெய், நாட்டுச் சர்க்கரை, பட்டை, ரம், ஐஸ்கிரீம். மேசையருகே தீ மூட்டி வரும். குடிக்காதவர்களிடம் ‘சோடாவில் நாலு சொட்டு பிட்டர்ஸ் விட்டுத் தரச் சொல்லுங்கள்’ என்று யாராவது ஆலோசனை சொன்னால், பிட்டர்ஸே ஆல்கஹாலில் ஊறவைத்ததுதான் என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். சும்மா எலுமிச்சைச் சோடாவோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பதையும் இந்த பார்களில் யாரும் தவறாக நினைப்பதில்லை.

கடைசியாகப் பில். லூயிசியானாவில் தனிக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இல்லை. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கொடுத்தாகவேண்டிய மணிக்கூலி, மத்திய சட்டப்படி, 1991 முதல் 2.13 டாலர்தான். மீதி டிப்ஸில் வருகிறது. ஆகவே இருபது சதவீதம் தாராளமல்ல, சம்பளம். பெரிய குழு என்றால் பில்லிலேயே சேர்த்துவிடும் வழக்கமும் உண்டு. இரண்டு முறை கொடுக்கும் முன் கடைசி வரியைப் பாருங்கள். பத்துப் பேருக்குப் பத்து கார்டு நீட்டாமல் ஒருவர் கட்டிவிட்டு வண்டியில் வரும்போது கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். கேலட்வார்ஸில் பரிமாறியவரின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வாசலில் மேசை கேட்கும்போது அந்தப் பெயரைச் சொன்னால் அவருடைய பகுதியில்தான் உட்காரவைப்பார்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன்பே அந்த ஊருக்குப் போய்ச் சாப்பிட்டு வந்த ஒருவர்